பின்னோக்கிச் சுழலும் சில்லு

சென்ற விடுமுறையில் ஒரு மாலை வேளை. தொலைக்காட்சியில் ஏதோவொரு படம் ஓடிக்கொண்டிருந்தது. லொறியொன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்து வருகிறது. பக்கத்தில் இருந்த தம்பி கேட்டான்: "ராத்தா, லொறி முன்னுக்குத்தானே போகுது. சில்லு ஏன் பின்னுக்குச் சுத்துது?"

அதை நானும் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். ஆனால் ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவள் என்று வீட்டில் எனக்கொரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைக் காப்பாற்ற, "படம் முடியட்டும், சொல்லித் தாறேன்" என்று சமாளித்தேன். படம் முடிந்தது, பதில் வரவில்லை. அந்தச் சில்லைத் துரத்திக்கொண்டு போனபோது, திரைப்படம் என்ற கலையின் முழு இரகசியமும் அதற்குள்ளேயே சுழன்றுகொண்டிருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். திரைப்படத்தில் எதுவும் அசைவதில்லை. அங்கே இருப்பவை வெறும் நிழற்படங்கள், ஒவ்வொன்றும் அசையாமல் நிற்பது. ஒரு செக்கனுக்கு 24 படங்கள் வீதம் அவை நம் கண்முன் வந்து நின்று போகின்றன. இரண்டு மணி நேரப் படமொன்றில் 172,800 படங்கள். பழைய 35 மில்லிமீற்றர் படச்சுருளில் அதை விரித்தால் மூன்று கிலோமீற்றருக்கும் மேல் நீளும்.

இனி லொறிக்கு வருவோம். சில்லில் சம தூரத்தில் எட்டுத் துளைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரு துளைகளுக்கு இடையே 45 பாகை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் சில்லு சரியாக 45 பாகை திரும்பினால், ஒரு துளை இருந்த இடத்தில் அடுத்த துளை வந்து நிற்கும். துளைகள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதால் இரண்டு படங்களுக்கும் வித்தியாசம் தெரியாது. சில்லு நின்றுவிட்டது போலத் தோன்றும். 40 பாகை மட்டும் திரும்பினால்? புதிய துளை பழைய இடத்துக்கு 5 பாகை பின்னால் நிற்கும். நம் மூளை எப்போதும் கிட்டிய வழியையே தேர்ந்தெடுக்கும். 40 பாகை முன்னே போயிருக்கிறது என்று எண்ணாமல், 5 பாகை பின்னே வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடும். சில்லு பின்னோக்கிச் சுழல்வதன் காரணம் இவ்வளவுதான்.

சில்லு நின்றது போலத் தோன்றும் வேகத்தையும் கணக்கிடலாம். படத்துக்கு 45 பாகை என்றால் 24 படங்களுக்கு 1,080 பாகை, அதாவது செக்கனுக்கு மூன்று சுற்று. லொறிச் சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 3 மீற்றர். ஆக, மணிக்கு சுமார் 32 கிலோமீற்றர் வேகத்தில் அந்தச் சில்லு திரையில் நின்றுபோகும். அதைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில் பின்னோக்கி உருளும். கமரா பொய் சொல்லவில்லை. 24 தடவை மட்டும் பார்த்தது. இடையில் நடந்ததைப் பார்க்கவில்லை. பார்க்காத அந்த இடைவெளியை நிரப்பியது நாம்.

அசைவை இப்படித் துண்டு துண்டாகப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் ஒரு குதிரையால் வந்தது. பாய்ந்தோடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் நிலத்தை விட்டு எழுகின்றனவா என்ற கேள்வி நெடுநாளாக இருந்தது. வெறுங்கண்ணால் அதைத் தீர்க்க முடியவில்லை. அமெரிக்காவில் லீலண்ட் ஸ்டான்போர்ட் என்ற செல்வந்தருக்காக எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற நிழற்படக் கலைஞர் 1878இல் ஓட்டப்பாதை ஓரமாக 12 கமராக்களை வரிசையாக வைத்தார். குதிரை ஓடும்போது குறுக்கே கட்டிய நூல்கள் அறுபட, கமராக்கள் ஒவ்வொன்றாகப் படம் பிடித்தன. விடை கிடைத்தது. நான்கு கால்களும் எழுகின்றன; ஆனால் ஓவியர்கள் தீட்டி வந்ததுபோல முன்னும் பின்னும் நீட்டியபடி அல்ல, வயிற்றுக்குக் கீழே மடங்கியிருக்கும்போது. நூற்றாண்டுகளாகக் குதிரையைப் பார்த்தே வரைந்தவர்கள் தவறாக வரைந்திருக்கிறார்கள்.

பிடித்த படங்களை மீண்டும் ஓட்டிக்காட்டுவது அடுத்த பிரச்சினை. படச்சுருளைச் சும்மா இழுத்தால் திரையில் வெறும் கலங்கல்தான் தெரியும். ஒவ்வொரு படமும் வில்லையின் முன் ஒரு கணம் அசையாமல் நிற்க வேண்டும்; பிறகு சட்டென்று நகர வேண்டும்; மீண்டும் நிற்க வேண்டும். இந்த நில்–நகர் வேலையைச் செய்யும் கருவி ஒன்று நம் வீடுகளில் உண்டு. உம்மாவின் தையல் மெஷின்தான் அது. ஊசி துணிக்குள் இருக்கும்போது துணி அசையாது. ஊசி மேலே எழுந்ததும் கீழே உள்ள பற்கள் துணியை ஒரு தையல் அளவு தள்ளிவிடும். தையல் மெஷினின் அமைப்பே தமக்கு வழிகாட்டியதாக பிரான்சைச் சேர்ந்த லூயி லூமியர் பின்னாளில் கூறியிருக்கிறார். அவரும் சகோதரர் ஒகுஸ்டும் செய்த கருவியில், இரண்டு சிறு நகங்கள் படச்சுருளின் ஓரத்துத் துளைகளுக்குள் புகுந்து அதை ஒரு படம் அளவு கீழே இழுத்துவிட்டு விலகின. 1895 டிசம்பர் 28ஆம் திகதி பாரிஸில் ஒரு தேநீர் விடுதியின் நிலவறையில், கட்டணம் செலுத்தி வந்தவர்களுக்கு அவர்கள் பத்துச் சிறு படங்களைக் காட்டினார்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

படம் நகரும் அந்தச் சிறு நேரத்தில் வெளிச்சம் திரையில் விழக்கூடாது. அதற்காக ஷட்டர் என்ற சுழலும் தகடு ஒளியை மறைக்கிறது. செக்கனுக்கு 24 தடவை மட்டும் இருட்டு வந்துபோனால் கண்ணுக்கு அது மினுக்கலாகத் தெரிந்து தலைவலி தரும். ஆகவே ஒரே படத்தை இரண்டு தடவை வெட்டி வெட்டிக் காட்டுவார்கள். 24 படங்கள், ஆனால் 48 மின்னல்கள். இந்த வேகத்தில் கண்ணுக்கு இருட்டுத் தெரிவதில்லை. படச்சுருள் காலத்துத் தியேட்டரில் இரண்டு மணி நேரம் படம் பார்த்தவர், அதில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் முழு இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்த காசில் பாதி இருட்டுக்கு என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இந்த இடத்தில், பல பொது அறிவு நூல்களில் காணப்படும் விளக்கமொன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. விழித்திரையில் விம்பம் சிறிது நேரம் தங்கியிருப்பதால்தான் அசைவு தெரிகிறது என்று அவை சொல்கின்றன. தங்கியிருப்பது உண்மைதான், இருட்டுத் தெரியாமல் போவதற்கு அது உதவுகிறது. ஆனால் அது மட்டும் போதாது. விம்பங்கள் ஒன்றின் மேல் ஒன்று தங்கினால் கிடைப்பது குவியலே தவிர அசைவு அல்ல. கலியாண வீட்டு வாசலில் தொங்கும் மின்குமிழ் மாலையைப் பாருங்கள். ஒரு குமிழ் அணைய, அடுத்தது எரிகிறது. எந்தக் குமிழும் இடம் மாறவில்லை. ஆனாலும் வெளிச்சம் 'ஓடுகிறது'. ஜெர்மனிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் இதை ஆராய்ந்து 1912இல் வெளியிட்டார். அசைவை உண்டாக்குவது கண்ணல்ல, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூளை.

இதை வாசித்தபோது எனக்கு இப்னு ஹைதம் அவர்களின் ஞாபகம் வந்தது. அவர்தான் கமராவைக் கண்டுபிடித்தார் என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். அது சரியன்று. இருட்டறையின் சிறு துளையூடாக ஒளி புகுந்து விம்பம் விழுவதை அவருக்கு முன்பே சீனரும் கிரேக்கரும் அறிந்திருந்தனர். அவர் செய்தது அதைவிடப் பெரியது என்பேன். கி.பி. 965 அளவில் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவர், துளைக்கு வெளியே பல விளக்குகளை வைத்தார். உள்ளே சுவரில் அத்தனை ஒளிப்புள்ளிகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய புள்ளி மட்டும் மறைந்தது. துளையில் ஒளிகள் ஒன்றோடொன்று கலப்பதில்லை, ஒவ்வொன்றும் நேர்கோட்டில் செல்கிறது என்று இவ்வாறு பரிசோதித்துக் காட்டினார். தமது 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலில் அவர் ஒரு பம்பரத்தைப் பற்றியும் பேசுகிறார். பல நிறக் கோடுகள் உள்ள பம்பரம் வேகமாகச் சுழன்றால் கோடுகள் மறைந்து ஒரே கலப்பு நிறம் தெரிகிறது. எனவே ஒரு நிறத்தை இன்ன நிறம் என்று அறிவதற்கும் நேரம் தேவை என்பது அவரது முடிவு. பார்ப்பது என்பதில் அறிவின் தீர்ப்பும் கலந்திருக்கிறது என்று அவர் எழுதி ஆயிரம் வருடங்கள் ஆகின்றன.

ஒலி வந்த கதையைக் கொஞ்சம் சொல்லாமல் விட முடியாது. 24 என்ற எண் வந்ததே ஒலியால்தான். ஊமைப் படங்களைக் கையால் சுற்றி எடுத்தார்கள். வேகம் கூடிக் குறைந்தாலும் பெரிதாகத் தெரியாது. ஒலியில் அப்படியல்ல. வேகம் சிறிது மாறினாலும் குரல் கீச்சிடும், அல்லது கரகரக்கும். காது கண்ணைவிடக் கண்டிப்பானது. 1927இல் வந்த 'த ஜாஸ் சிங்கர்' படத்தின் ஒலி தனியாக இசைத்தட்டில் இருந்தது. படச்சுருள் அறுந்து ஒட்டப்பட்டால் வாய் ஒன்று அசைய, பேச்சு வேறொன்றாகிவிடும். ஆகவே ஒலியையே ஒளிக் கோடாக மாற்றிப் படச்சுருளின் ஓரத்தில் பதித்தார்கள். அந்தக் கோட்டினூடாகச் செல்லும் வெளிச்சம் கூடிக் குறைய, ஒளிமின் கலம் அதை மின்னோட்டமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பும். இதிலும் ஒரு சிக்கல் இருந்தது. படம் நின்று நின்று நகர வேண்டும். ஒலியோ சீராக ஓட வேண்டும். அதனால் ஒரு காட்சிக்குரிய ஒலியை அந்தக் காட்சியின் பக்கத்தில் பதிக்காமல், சுமார் 20 படங்கள் தள்ளிப் பதித்தார்கள். சுருள் சீராக ஓடும் வேறோர் இடத்தில் அது வாசிக்கப்பட்டது.

ஒலியைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்ததால் படப்பிடிப்பு நெடுங்காலம் ஸ்டுடியோ சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடந்தது. நம் நாட்டின் முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' 1947இல் தென்னிந்திய ஸ்டுடியோவில் உருவானதுதான். 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்துக்காகக் கமராவைக் கிராமத்து வெயிலுக்கு எடுத்துச் சென்றது அந்த நாளில் பெரிய துணிச்சல்.

திரையில் நாம் கேட்பதெல்லாம் அங்கே எழுந்த ஒலி என்றும் நம்பிவிடக்கூடாது. காலடி ஓசை, உடை உரசும் ஓசை போன்றவற்றைப் பின்னர் தனி அறையில் படத்தைப் பார்த்துப் பார்த்துப் புதிதாக எழுப்புகிறார்கள். இத்துறைக்கு ஜாக் ஃபோலி என்ற முன்னோடியின் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. குதிரைக் குளம்புச் சத்தத்துக்குப் பேர்போன கருவி எது தெரியுமா? இரண்டு தேங்காய்ச் சிரட்டைகள். பனியில் நடக்கும் ஓசைக்குச் சோளமாவைப் பையில் கட்டிப் பிசைவார்கள். நானும் தம்பியும் சிரட்டையைத் தட்டிப் பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டால் குதிரைதான்.

இதுவரை சொன்னவை கருவிகள். கருவிகளைவிட வலிமையானது ஒட்டுவேலை. ஒரு துண்டின் பின் எந்தத் துண்டை ஒட்டுவது என்பதே படத்தொகுப்பு. ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் செய்த ஒரு பரிசோதனையை அவரது மாணவர் புதொவ்கின் விவரித்திருக்கிறார். ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத முகத்தை எடுத்து, அதனுடன் ஒரு கோப்பை சூப்பையும், பெட்டியில் கிடக்கும் ஒரு பெண்ணின் உடலையும், விளையாடும் சிறுமியையும் மாறி மாறி ஒட்டினார்கள். பார்த்தவர்கள், பசியையும் துயரத்தையும் மகிழ்ச்சியையும் என்ன அருமையாக நடித்துக் காட்டுகிறார் என்று வியந்தார்கள். மூன்று இடத்திலும் இருந்தது ஒரே முகம்.

இந்த அறிவை மிகக் கண்ணியமாகப் பயன்படுத்திய படமொன்றை நம்மில் பலர் பார்த்திருப்போம். சிரியாவின் அலெப்போவில் பிறந்த முஸ்தபா அக்காத் இயக்கி 1976இல் வெளிவந்த 'த மெஸேஜ்'தான் அது. இப்படத்தைப் பற்றி அந்நாளிலேயே உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. அதைத் தீர்ப்பது என் வேலையல்ல. அதன் தொழில்நுட்பத்தை மட்டும் பேசுகிறேன். நபி (ஸல்) அவர்களின் உருவமோ நிழலோ குரலோ காட்டப்படக்கூடாது. ஆனால் கதையே அவர்களைப் பற்றியது. என்ன செய்வது? நடிகர்கள் கமராவின் வில்லையை நேரே பார்க்கக்கூடாது என்பது திரைப்பட உலகின் பழைய விதி. பார்த்தால், அங்கே கமரா இருப்பது தெரிந்து கதை கலைந்துவிடும். அக்காத் அந்த விதியைத் தலைகீழாக்கினார். அவரது நடிகர்கள் வில்லையை நேரே பார்த்துப் பேசுகிறார்கள்; கேளாத பதிலைச் செவிமடுக்கிறார்கள்; ஹம்ஸா (ரழி) போன்றோர் அந்தப் பதிலைப் பிறருக்கு எடுத்துச் சொல்கிறார்கள். மெல்லிய இசை மட்டும் அங்கே ஒருவர் இருப்பதை உணர்த்துகிறது. திரையில் வெறுமை, நம் உள்ளத்தில் நிறைவு. சில்லைப் பின்னோக்கிச் சுழலச் செய்த அதே மூளைதான் இங்கே காட்டப்படாத ஒன்றை மரியாதையோடு நிரப்பிக்கொள்கிறது. இன்னொன்று: அக்காத் குரல் மாற்றி மொழிபெயர்க்கவில்லை. ஆங்கிலத்துக்கு ஒரு நடிகர் குழு, அரபுக்கு வேறொரு குழு என்று ஒரே களத்தில் இரண்டு படங்களை எடுத்தார். ஆங்கிலத்தில் அந்தனி குவின் நடித்த பாத்திரத்தை அரபில் அப்துல்லாஹ் கைத் நடித்தார்.

மந்திரக் காட்சிகளைப் பற்றிச் சுருக்கமாக: நடிகரை ஒரே நிறத் திரையின் முன் நிறுத்திப் படமெடுத்து, அந்த நிறம் உள்ள இடமெல்லாம் வேறு காட்சியை நிரப்புவதே அடிப்படை. 1940இல் வெளிவந்த 'பக்தாத் திருடன்' என்ற ஆங்கிலப் படத்தில் நீலத்திரையைக் கொண்டு இதைச் செய்த லோரன்ஸ் பட்லருக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது. இன்று பெரும்பாலும் பச்சைத்திரை. டிஜிட்டல் கமராவின் உணரியில் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒவ்வொரு பங்கு என்றால் பச்சைக்கு இரண்டு பங்கு இடமுண்டு. மனிதத் தோலிலும் அந்தப் பச்சை இல்லை. பச்சை உடை அணிந்து அங்கே போய் நின்றால் தலை மட்டும் மிதக்கும்.

இனிக் கைக்கு வருவோம், அதாவது கைத்தொலைபேசிக்கு. உயர் தெளிவுப் படமொன்றில் ஒரு சட்டகத்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள். எதையும் சுருக்காமல் சேமித்தால் இரண்டு மணி நேரப் படத்துக்கு ஏறத்தாழ 1,000 கிகாபைட் வேண்டும். அது எப்படி ஒன்றிரண்டு கிகாபைட்டுக்குள் அடங்குகிறது? முதலாவது, அடுத்த சட்டகத்தில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்வது. பின்னால் நிற்கும் சுவரைத் திரும்பத் திரும்ப எழுதத் தேவையில்லை. இரண்டாவது, படத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கோசைன் அலைகளின் கூட்டாக எழுதி, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய அலைகளைக் கழித்துவிடுவது. இணையம் மந்தமாகும்போது படம் சதுரம் சதுரமாக உடைவதைக் கண்டிருப்பீர்கள். அந்தச் சதுரங்கள் இவைதான்.

இந்தக் கோசைன் முறையை முதலில் சிந்தித்தவர் பெங்களூரில் பிறந்த நாசிர் அஹ்மத். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1972இல் இதை ஆராய அந்நாட்டுத் தேசிய விஞ்ஞான மன்றத்திடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதினாராம். அவர் விடவில்லை. தமது மாணவர் ரி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து உழைத்து 1974இல் கட்டுரையை வெளியிட்டார். இன்று நம் தொலைபேசிகளில் ஓடும் பெரும்பாலான படங்களும் வீடியோக்களும் அந்த 'எளிய' யோசனையின் மேல் நிற்கின்றன. கோசைன் எதற்குப் பயன்படும் என்று கணித பாடத்தில் முணுமுணுக்கும் என் தோழியருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டதால் என்ன பயன் என்று உம்மா கேட்டார். பதில் சில வாரங்களில் தானாக வந்தது. மழைக்காலத்தில் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ. வெள்ளம் ஒரு தெருவை அடித்துக்கொண்டு போகிறது, வாகனங்கள் மிதக்கின்றன. கீழே சாச்சி குடியிருக்கும் ஊரின் பெயர். சாச்சியின் தொலைபேசியோ இயங்கவில்லை. உம்மா அழத் தொடங்கிவிட்டார். நான் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வெள்ளத்துக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருந்த இரண்டொரு வாகனங்கள் வீதியின் வலப்பக்கமாகப் போயின. நம் நாட்டில் இடப்பக்கமல்லவா? எந்த நாட்டு வெள்ளமோ, யாரோ ஊர்ப் பெயரை ஒட்டிவிட்டார்கள். குலெஷோவ் முகத்தின் பக்கத்தில் சூப்பை ஒட்டியதுபோல. இரவு எட்டு மணிக்குச் சாச்சியே அழைத்தார். மின்சாரம் இல்லாததால் தொலைபேசி அணைந்திருந்ததாம்.

எல்லா வீடியோவும் இப்படி ஓர் அடையாளத்தை விட்டுவைக்காது. இன்று கணினியே இல்லாத மனிதரை நடக்கவும் பேசவும் வைக்கிறது. அதில் ஒட்டிய தடம்கூடத் தெரிவதில்லை. ஆகவே எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. வீடியோ எதுவானாலும், இதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது, எடுத்தவர் யார் என்று உம்மா கேட்கிறார். பதில் இல்லாவிட்டால் அது அடுத்தவருக்குப் போகாது.

தம்பிக்கு வருகிறேன். சில்லைப் பற்றி அவனுக்கு விளக்கிச் சொன்னேன். முழுதாக நம்பவில்லை. வாப்பாவின் தொலைபேசியை வாங்கி, கட்டிலில் படுத்துக்கொண்டு, சுழலும் மின்விசிறியைக் கமராவில் பார்த்தான். வேகத்தைக் கூட்டினான், குறைத்தான். ஓரிடத்தில் விசிறியின் தகடுகள் திரையில் அசையாமல் நின்றன. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவன் சொன்னான்:

"ராத்தா, இதில பேன் நிக்குது. ஆனா காத்து வருது."